உப்புப் பாலத்துக் காவல்காரன்

ஜூன் 12

உலக மக்களுக்கும், அவர்களில் ஒருத்தியான என் அக்காவுக்கும்,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டு டிவி ரிமோட்டின் பின்மூடி சென்ற ஞாயிறு மாலை ஐந்தரை மணியளவில் காலமானது. உடைந்தது என்று எழுதினால் மரியாதையாக இருக்காது. அன்னாரின் பேட்டரிகள் இரண்டும் தற்போது ஒரு ரப்பர் பேண்டின் அரவணைப்பில் வளர்ந்து வருகின்றன. மலர்வளையம் வேண்டாம். புது ரிமோட் அனுப்பினால் கண்ணீருடன் ஏற்றுக்கொள்ளப்படும்.

இரண்டாவது செய்தி அவ்வளவு முக்கியமில்லை. ‘உப்புக்கோட்டை’ மூன்றாம் பாகம் வெளிவந்துவிட்டது. உனக்குத் தெரிந்திருக்கும், நீதானே செய்தாய்.

இந்தக் காலத்தில் காகிதமா என்று முகம் சுளிக்காதே. போனில் என்னைப் பூட்டினாய், மின்னஞ்சலில் பூட்டினாய், விளையாட்டுக்குள் இருக்கும் அரட்டை அறையில்கூடப் பூட்டினாய். தபால்காரரை மட்டும் பூட்ட மறந்துவிட்டாய். பாவம், நல்ல மனிதர், சைக்கிள் மட்டும்தான் ஒத்துழைப்பதில்லை.

முதல் பாகத்தின் முடிவில் ஓடிய பெயர்ப்பட்டியலில் ‘சோதனை: வாலு’ என்று இருந்தது. இரண்டாம் பாகத்திலும் இருந்தது. இரண்டு வருடம் உன் விளையாட்டில் எந்தச் சுவரில் முட்டினால் ஆள் தரைக்குள் விழுகிறான் என்று முட்டி முட்டிக் கண்டுபிடித்தவன் நான். மூன்றாம் பாகத்தில் ‘சோதனை: கண்ணாடிக்காரர்’ என்று போட்டிருக்கிறாய். நீ வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர்தானே? வகுப்பில் நாலு பேருக்கு முன்கூட்டியே காட்டிவிட்டேன் என்பதற்காக வாலை ஒட்ட நறுக்கிவிட்டாய். நறுக்கிக்கொள். வால் இல்லாவிட்டாலும் குரங்கு குரங்குதான்.

ஏனென்றால், மகாராணி, உன் மூன்றாம் பாகத்தைப் பதினோரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். உட்கார்ந்த இடத்தில். உப்பரசனை இரண்டாவது முயற்சியிலேயே கரைத்துவிட்டேன். ரொம்பச் சுலபமாக வைத்திருக்கிறாய், கண்ணாடிக்காரருக்குக் கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொல்.

இதில் யார் பிரபலம் தெரியுமா? உப்பரசன் இல்லை. பாலத்துக் காவல்காரன். ‘நி... நி... நில்லு. யா... யாரு நீ. எ... எங்க போற. பி... பி... பிரேக்கு!’ உப்பு உலகத்தில் கட்டைவண்டிகூடக் கிடையாது, இந்த ஆளுக்கு மட்டும் பிரேக் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். பொறுமையில்லாமல் பட்டனை அழுத்தினால் மனுஷன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். என்ன ஒரு கொடுமைக்காரி நீ! அந்தத் துண்டை மட்டும் வெட்டி எல்லோரும் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். எங்கள் பள்ளிக் காவலாளி கேட்டைத் திறக்க அரை நிமிடம் தாமதித்தால் மொத்த வரிசையும் ‘பி... பி...’ என்கிறது.

அந்தக் குரல் யாருடையது? தன்னடக்கம் தொண்டையை அடைக்கிறது. அடியேனுடையது. ‘வசனம் இன்னும் ரெடியாகலடா, இப்போதைக்கு வாய்க்கு வந்ததைப் பேசி நிரப்பிக் குடு, அப்புறம் மாத்திக்கிறேன்’ என்று நீ கேட்டு, நான் நூறு பேருக்கு நூறு குரலில் உளறிக் கொடுத்தேனே, அதில் ஒன்று. மாற்றாமல் விட்டதற்கு நன்றி. பெயர்ப்பட்டியலில் என்னை எடுத்தாலும் பாலத்தில் நிற்க வைத்துவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை நம் கூடத்தில் சிறப்புக் காட்சி. வகுப்பிலிருந்து நாலு பேர். அப்பா விளையாட்டையெல்லாம் எட்டிப் பார்க்காதவர், இரண்டு வாரமாக ‘எ... எப்ப, எ... எப்ப’ என்று நச்சரித்தார். அன்றைக்கு மத்தியானமே ஷேவ் செய்துகொண்டு டிரைவிங் ஸ்கூல் வெள்ளைச் சட்டையை மாட்டிவிடச் சொன்னார். இதில் இன்னொரு கூத்து: அவருடைய பேச்சுப் பயிற்சி டீச்சரும் வந்திருந்தார், கையில் இனிப்புப் பெட்டியோடு. அப்பா சீட்டு எழுதிக் கூப்பிட்டாராம். எதற்கு என்று கேட்டால் இருவரும் சிரிக்கிறார்கள்.

காட்சி அமோகம். பையன்கள் தரையில் உருண்டார்கள். அப்பா பாதியில் எழுந்து முகம் கழுவப் போனார். டீச்சர் இனிப்புப் பெட்டியைத் திறக்காமலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்படியும் ஒரு கஞ்சமா?

மற்றபடி அப்பா நலம். சில மாதமாகக் குளியலறையில் ‘உ... உப்பு, உப்பு’ என்று முனகிக்கொண்டிருந்தார். சமையலில் குறைகிறது போல என்று ஒரு கரண்டி சேர்த்துப் போட்டேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

பாலத்தின் குரல்,
வாலு


ஜூன் 17

வாலு,

நீ வாலு என்று கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் இன்னும் எட்டு வயது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் போல. உனக்குப் பதினாறு.

போனில் பேசியிருப்பேன். பேசினால் கத்துவேன். கடையில் எல்லோரும் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள், அறையில் சுவர் மெல்லியது. எழுதினால் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ பேசிக் கொடுத்தது அப்பாவை. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ‘பிரேக்கு’ என்று சொல்ல வந்து அது வாயிலிருந்து வெளியே வருவதற்குள் கடைசி மாணவி வண்டியைச் சுவரில் ஏற்றினாளே, அன்றோடு அவருக்கு வேலை போயிற்று. அதை எடுத்து நீ நகைச்சுவையாக வைத்தாய். எச்சிலை உறிஞ்சும் சத்தத்தைக்கூட விடவில்லை.

இப்போது நீ தெரிந்துகொள்ள வேண்டியது. அந்தப் பாலத்துக் காவல்காரனை நான் அப்பாவுக்காகத்தான் செய்தேன். காவல்காரனுக்கு நாலு வாக்கியம். நில். யார் நீ. எங்கே போகிறாய். நாலாவதை இங்கே எழுத மாட்டேன். அந்த நாலையும் அப்பா தன் குரலில் பேசினார். எட்டு மாதம். செவ்வாய்க்கிழமை தோறும் டீச்சர் பதிவு செய்து அனுப்புவார். முதல் மாதம் ‘நில்’ மட்டும். நாலாவது வாக்கியத்துக்கு முப்பத்தொரு பதிவு. குளியலறையில் அவர் முனகியது ‘உப்புப் பாலம்’ என்று. அந்தச் சொல் வராமல் கடைசியில் வாக்கியத்தையே மாற்றினோம். நீ ஒரு கரண்டி உப்பு சேர்த்தாய்.

அவர் பேசி முடிக்கும்வரை யார் காத்திருக்கிறார்களோ அவர்கள் மட்டும்தான் அந்தப் பாலத்தைத் தாண்ட முடியும். அவசரப்பட்டுக் குறுக்கே பட்டனை அழுத்தினால் அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். நம் வீட்டில் எப்படியோ அப்படி. விளையாடுகிற அத்தனை பேரும் ஒருமுறையாவது அவருக்காக நிற்கட்டும் என்று நினைத்தேன்.

அவர் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தது தன் குரலைக் கேட்க. இனிப்புப் பெட்டி அதற்கு.

உன் பதிவு எப்படித் தங்கியது என்று தெரியவில்லை. ஒரு கோப்பைத் தவறவிட்டிருக்கிறேன். என் தவறுதான். திருத்தம் வெளியிடுவேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுது. ‘அமோகம்’ எல்லாம் வேண்டாம்.

அக்கா


ஜூன் 21

மதிப்பிற்குரிய நீதிபதி அம்மாவுக்கு,

குற்றவாளிக் கூண்டிலிருந்து குரங்கு எழுதுவது.

அப்பா குரல் வரப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீயும் அவரும் டீச்சரும் மூன்று பேராகச் சேர்ந்து எட்டு மாதம் ரகசியம் காத்தீர்கள். வீட்டில் இருக்கிற ஒரே ஆளுக்குத் தெரியக் கூடாது. சொன்னால் உளறிவிடுவேன் என்று பயமா? சரி, உளறியிருப்பேன். ஆனால் அப்பாவை மாதிரி பேசிக் கொடுத்திருக்க மாட்டேன்.

அச்சு அசலாக அவரைப் போலவே இருக்கிறதே என்று உனக்குக் கோபம். எப்படி வந்தது என்று யோசித்தாயா? நான் தினமும் கேட்கிறேன், அதனால் வந்தது. பக்கவாதம் வந்தபின் ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிவந்த நாற்பதாம் நாள் நீ பெட்டி கட்டினாய். ‘கடையில லீவு இல்லடா’ என்றாய். நீ அங்கே உட்கார்ந்து அவருக்குப் பாலம் கட்டினாய், எல்லோரும் கை தட்டட்டும். நான் இங்கே சட்டைப் பட்டன் போட்டுவிடுகிறேன். அதற்கு யாரும் பெயர்ப்பட்டியல் ஓட்டுவதில்லை.

ஒழுங்காக எழுது என்றாய். எழுதுகிறேன்.

அப்பா நடு நாற்காலியில். டீச்சர் பக்கத்தில். நாங்கள் தரையில். நான் ஓடிப் பாலத்துக்கு வந்தேன். அப்பா முன்னால் சாய்ந்தார். டீச்சர் அவர் கையைத் தட்டி ‘கேளுங்க, கேளுங்க’ என்றார். காவல்காரன் வாயைத் திறந்தான். என் குரல்.

பையன்கள் வெடித்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், இது இல்லை, இதற்குப் பிறகு சரியானது வரும் என்பது போல. ‘இன்னொரு தடவை போடுடா’ என்று ஒருத்தன் கத்தினான். பட்டனை அழுத்தினேன், முதலிலிருந்து வந்தது. மறுபடி அழுத்தினேன். மூன்றாம் தடவை ‘பி... பிரேக்கு’ வரும்போது அப்பா ரிமோட்டுக்குக் கை நீட்டினார். வலது கை. பிடிக்க வரவில்லை. கீழே விழுந்தது. பின்மூடி உடைந்து நாற்காலிக்கடியில் போயிற்று.

‘டேய், அங்கிள் பிரேக் போடுறாருடா’ என்றான் ஒருத்தன். நானும் சிரித்தேன். மேடையில் நிற்கிறவன் நடுவில் நிறுத்த முடியாது அக்கா.

அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாலு நாள் ஆகிறது. டீச்சரிடமும் போகவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுகிறார். வீடு அமைதியாக இருக்கிறது, படிக்க வசதி. என் மதிப்பெண் ஏறினால் உன் புண்ணியம்.

வாலு


ஜூன் 25

இரண்டு ஞாயிறும் போன் செய்தேன். எடுத்தார். மூச்சு மட்டும் கேட்டது. ‘அப்பா, நான்தான்’ என்றேன். வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. நான்தான் வைத்தேன், கடையில் ஆள் வந்துவிட்டார்.

அவர் பேசாமலிருந்தால் வந்ததும் போய்விடும். டீச்சர் சொல்லியிருக்கிறார், உன்னிடமும் சொல்லியிருப்பார். ரெண்டு மூணு மாசம் வாயைத் தெறக்கலைன்னா மறுபடி ‘அ’விலிருந்துதான் என்றார். இந்த வயதில் மறுபடி ‘அ’விலிருந்து அவர் ஆரம்பிக்க மாட்டார்.

இத்துடன் அவருக்கு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். ‘உங்கள் குரலைப் போட்டுத் திருத்தம் வெளியிடட்டுமா? சரியென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். வாயால் சொல்ல வேண்டும், தலையாட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீ அவரிடம் கொடு. அவர் பதில் சொல்லும்வரை உட்கார். எவ்வளவு நேரம் ஆனாலும். நடுவில் நீ முடித்து வைக்காதே. அவர் ‘த’ என்றால் நீ ‘தண்ணியாப்பா’ என்பாய், அவர் தலையாட்டி விடுவார். பாதி நேரம் அவர் சொல்ல வந்தது தண்ணீர் இல்லை.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. நிரப்புவதற்காக நீ பேசிய ஒவ்வொரு கோப்பின் பெயருக்கு முன்னாலும் ‘மாத்து’ என்று போட்டு வைத்திருந்தேன். வெளியிடும் முன் ‘மாத்து’ என்று தேடினேன். நூற்றுப் பதினாறு வந்தது. நூற்றுப் பதினாறையும் மாற்றினேன். பாலம் எப்படி விட்டுப்போயிற்று?

அக்கா


ஜூன் 30

அக்கா,

இன்றைக்கு அறிவிப்பு ஒன்றுமில்லை.

சீட்டைக் கொடுத்தேன். படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன், ஜன்னலில் ஒன்றுமில்லை, எதிர்வீட்டுத் துணிகள். அவர் வாய் ஒருமுறை திறந்தது. உதடு ஒரு பக்கமாகப் போயிற்று. நான் காத்திருந்தேன், சத்தியமாக. மூன்று நிமிடம் இருக்கும். பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை. ‘சரின்னு எழுதிடவாப்பா?’ என்றேன்.

எழுந்து உள்ளே போய்விட்டார்.

நூற்றுப் பதினாறு இல்லை, நூற்றுப் பதினேழு.

‘இனிமே நீ வேண்டாம், வேற ஆள் பாத்துக்கிட்டேன்’ என்று நீ செய்தி அனுப்பினாயே, அன்றைக்கு மத்தியானம். நம் கோப்புகள் இருந்த இடத்தை நீ உடனே பூட்டவில்லை. பத்து நிமிடம் திறந்திருந்தது. எதையாவது அழிக்கலாம் என்றுதான் போனேன். அழித்தால் உனக்குத் தெரிந்துவிடும். அதனால் பாலத்துக் கோப்பின் பெயரிலிருந்து ‘மாத்து’வை மட்டும் எடுத்தேன். ஒரு சொல், ஒரே ஒரு பட்டன். வால்தனத்துக்கு விருது உண்டென்றால் அதற்குத் தர வேண்டும். இதுவரை செய்ததிலேயே சின்னது, சுத்தமானது.

எதை எடுக்கலாம் என்று யோசிக்கவேயில்லை என்று எழுதலாம். யோசித்தேன். எதைக் கேட்டால் உனக்கு அதிகம் வலிக்கும் என்று பார்த்து அதை எடுத்தேன். அப்பாவுக்கு வலிக்கும் என்று கணக்கில் வரவில்லை. அவர் விளையாட்டே பார்ப்பதில்லையே.

ஆக, தவறவிட்டது நீ இல்லை. நான்தான் செய்தேன். உனக்கு நிம்மதியாக இருக்கும் என்று சொல்கிறேன்.

உன் தம்பி


ஜூலை 4

தம்பி,

நிம்மதியாக இல்லை. உனக்கும் இருக்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

நீ ‘மாத்து’வை எடுத்தாய். அதனால் ஒன்றும் ஆகவில்லை. வெளியிடுவதற்கு முந்தின வாரம் கண்ணாடிக்காரரும் நானும் முதல் அடியிலிருந்து கடைசிவரை நடந்து பார்த்தோம். கடை மூடியிருந்த நாள், கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து. பாலத்தில் உன் குரல் வந்தது. கண்ணாடிக்காரர் சிரித்தார். மூன்று மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ‘யாருங்க இது, பிரமாதம்’ என்றார்.

அப்பாவின் பதிவு என் கையிலேயே இருந்தது. போட்டுக் காட்டினேன். அதே மூன்று வாக்கியம். அவர் இரண்டாவது வாக்கியத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், தெரியாமல்தான் பார்த்தார். முடிந்ததும் ‘பாவம், உடம்பு சரியில்லாதவரா? சனங்க பாலத்துலயே வெளியேறிடுவாங்களே’ என்றார்.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். உன்னுடையதில் ஆள் தெரிந்தான். அப்பாவுடையதில் முயற்சி மட்டும்தான் தெரிந்தது. எட்டு மாதம் அவர் பேசியது, நீ ஒரு மத்தியானத்தில் அவரைக் கேலி செய்ததற்கு முன்னால் நிற்கவில்லை. உன்னுடையதை வைத்தேன். நான்தான் வைத்தேன், தெரிந்தே. ‘மாத்து’ இல்லாமல் போனது எனக்கு வசதியாக இருந்தது. கேட்டால் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். சொன்னேன். உன்னிடமே சொன்னேன்.

ஆகவே இந்தக் குற்றத்திலும் உன் பெயரை முதலில் போட்டுக்கொள்ளப் பார்க்காதே. பெயர்ப்பட்டியலில் உனக்கு இருக்கிற ஆசை எனக்குத் தெரியும்.

திருத்தம் இன்னும் செய்யவில்லை. செய்ய உட்காருகிறேன், யாராவது ஒருவர் எழுதியிருக்கிறார், அந்த பிரேக் தாத்தாவைப் பார்க்கவே மறுபடி ஆடுகிறேன் என்று. எழுந்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் செய்தேன். நாலாவது வாக்கியம் அப்பாவுடையது. நீ அதற்கு நிரப்பிக் கொடுக்கவே இல்லை, மாற்ற எனக்கும் மனம் வரவில்லை. பாலத்தைத் தாண்டி ஏழெட்டு அடி நடந்தால் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். முப்பத்தொன்றாவது பதிவு. ஒரு திக்கல்கூட இல்லை.

நீ கேட்டிருப்பாய். பதினோரு மணி நேரத்தில் முடித்தவன், உப்பரசனைக் கரைத்தவன், பாலத்தைத் தாண்டாமல் முடியாது. கேட்டும் அது அவர் என்று உனக்குத் தெரியவில்லையா? அதை அவருக்குப் போட்டுக் காட்டியிருந்தால் இன்றைக்கு அவர் பேசிக்கொண்டிருப்பார். அந்த ஒன்றையாவது காட்டு. காட்டிவிட்டு என்ன சொன்னார் என்று எழுது.

அக்கா


ஜூலை 9

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை, ‘அப்பாடா, இவளும்தானா’ என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாம் முறை உன் மேல் கோபம் வந்தது. மூன்றாம் முறைதான் கடைசிப் பத்தியைச் சரியாகப் படித்தேன்.

இதை எப்படிச் சொல்வது. சிரிக்காதே. சிரித்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை, சிரி.

நான் முடிக்கவில்லை.

பதினோரு மணி நேரமும் உண்மை, உட்கார்ந்த இடமும் உண்மை. பாலத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். காவல்காரன் பேச ஆரம்பிப்பான், நான் பட்டனை அழுத்துவேன், அவன் முதலிலிருந்து ஆரம்பிப்பான். கை தானாகப் போகிறது. வீட்டில் அவர் ‘த’ என்றதும் ‘தண்ணியாப்பா’ என்கிற அதே கை. ஒன்றரை நிமிடம் ஒருத்தன் பேசி முடிக்கும்வரை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதுவும் அது நானே பேசியது.

உப்பரசனைக் கரைத்தது எல்லாம் இரண்டாம் பாகத்திலிருந்து கடன் வாங்கி எழுதியது. நேற்றுத்தான் வகுப்பின் முதல் பெஞ்சுக்காரன் சொன்னான், மூன்றாம் பாகத்தில் உப்பரசனே கிடையாதாமே. செத்துப்போன பிறகு நடக்கிற கதையாமே. அப்படியானால் என் முதல் கடிதத்திலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது, நான் பாலத்தைத் தாண்டவில்லை என்று. தெரிந்துகொண்டு இரண்டு கடிதம் சும்மா இருந்துவிட்டு இப்போது கேட்கிறாய். நீ என் அக்காதான், சந்தேகமே இல்லை.

அவனிடம் நாலாவது வாக்கியத்தைப் பற்றியும் கேட்டேன். ‘பாலம் தாண்டினப்புறம் பின்னாடி யாரோ பேசுவாங்களே, என்னடா சொல்றாங்க?’ என்றேன். ‘அதுவா? காத்து சத்தம்னு நெனச்சேன்டா. அந்த எடத்துல ஓடிக்கிட்டே இருப்பேன்’ என்றான். மற்றவர்கள் வெட்டி அனுப்புகிற துண்டுகளைத் தேடிப் பார்த்தேன். எல்லாமே ‘பிரேக்கு’ வந்ததும் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படவில்லை.

அதனால் இன்று பள்ளி விட்டு வந்ததும் தாண்டியே தீருவது என்று உட்கார்ந்தேன். அப்பா உள்ளறையில் கட்டிலில், கதவு திறந்திருந்தது. தாண்டிவிட்டு அவரைக் கூப்பிடலாம் என்று திட்டம். ஒலியைக் கூட்டி வைத்தேன், நாலாவது வாக்கியம் அவருக்கு அங்கேயே கேட்கட்டும் என்று.

‘நி... நி... நில்லு.’

அழுத்தினேன்.

கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன். ‘யா... யாரு நீ’ வரை போனது. எச்சில் உறிஞ்சும் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறேன் தெரியுமா? இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன் அன்றைக்கு. கை வெளியே வந்துவிட்டது. அழுத்தினேன். விளையாட்டுக் கருவியைத் தரையில் வைத்தேன். கால் கட்டைவிரலால் அழுத்தினேன்.

பதினொன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது. ஒலியைக் கூட்டி வைத்திருந்தேன். கதவு திறந்திருந்தது. நான் அவருக்காகத் தயார் செய்துகொண்டிருந்த அந்தக் கால் மணி நேரமும் அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு ‘நி... நி... நில்லு’ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பதினோரு தடவை. முதலிலிருந்து.

கட்டில் கிரீச்சிட்டது. இடது காலை வைத்து வலது காலை இழுக்கும் சத்தம். வருகிறார் என்று நினைத்தேன். எழுந்து நின்றுகூட விட்டேன். வரவில்லை. கதவு சாத்திக்கொண்டது. வேகமாக இல்லை. அந்தக் கதவு அடியில் தரையை உரசும், முழுசாகச் சாத்த இரண்டு கையும் வேண்டும், உனக்குத் தெரியும். அவர் ஒரு கையால் சாத்தினார். நேரம் ஆயிற்று. இந்த ஒரு முறைதான் அவர் முடிக்கும்வரை நான் குறுக்கே போகவில்லை.

டிவியை அணைக்க ரிமோட்டைத் தேடினேன். ரப்பர் பேண்டு அறுந்து பேட்டரி உருண்டுவிட்டது. பிளக்கைப் பிடுங்கினேன்.

ஆக, உன் கேள்விக்குப் பதில்: அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் பங்குக்கு ஒரு கேள்வி இருக்கிறது. என்னால் அந்தப் பாலத்தைத் தாண்ட முடியாது அக்கா, நான் பார்த்துவிட்டேன். அங்கே பின்னாலிருந்து அப்பா என்ன சொல்கிறார்? எழுதி அனுப்பு. பாதியில் விடாமல் எழுது, நான் முழுசாகப் படிக்கிறேன்.

வாலு
(சோதனை: தோல்வி)